பழைய வண்டியிற் புதிய குளிரூட்டி



யாழ்ப்பாணத்து வீதிகளிலும் கொழும்பின் ஒழுங்கைகளிலும் 1950ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட மோட்டார்க் கார்கள் சில இன்றும் ஓடக் காண்கின்றோம். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 என்னும் பெயர்களை நம்மவர்கள் உறவினர் பெயர்போலக் கூறுவர். இவற்றுட் பல, முதன்முதல் விலைகொடுத்து வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கின்றன. 1990ஆம் ஆண்டுகளிற் பொருளாதாரத் தடையினால் வடக்கிற் பெற்றோல் அரிதானபோது, இப்பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓடின. அமுக்க விகிதம் குறைந்த அவற்றின் எஞ்சின்கள் அதனையும் பொறுத்துக்கொண்டன. இவற்றை விற்க மனம் ஒப்பாதிருப்பதற்கு அந்த நன்றியும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும், நன்றி வேறு, சித்திரை மாத வெயில் வேறு. வீட்டிலுள்ள முதியவரை நண்பகலில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கின்றது. கண்ணாடியை இறக்கினால் லொறிப் புகையும் புழுதியும் உள்ளே வருகின்றன. ஏற்றினால் வண்டி அடுப்பாகின்றது. ஆதலின், இக்கார்களை வைத்திருப்போர் பலர் ஒரு கேள்வி கேட்கின்றனர். விபத்திற் சிதைந்த புதிய கார் ஒன்றிலிருந்து குளிரூட்டியையும் சூடேற்றியையும் ஒருங்கே கழற்றி, இப்பழைய காரிற் பொருத்தலாமா? அவ்வாறு பொருத்தினால் வண்டி தாங்குமா?

பொருத்தலாம் என்பதே விடை. பலர் பொருத்தியும் உள்ளனர். ஆனால், இவ்வேலையைத் தொடங்குவோர் பெரும்பாலும் பெட்டியைப் பற்றியே கவலைகொள்கின்றனர்: எந்தக் காரின் பெட்டி, எவ்வளவு நீளம், எங்கே வைப்பது என்பனவே அவர்களின் கேள்விகள். உண்மையிற் பெட்டியைப் பொருத்துவது இவ்வேலையின் இலகுவான பகுதி. பழைய கார் என்பது திறந்து ஓடுவதற்கென்று செய்யப்பட்ட கார். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காற்றைப் பிடிப்பதும், கதவுக் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே வைப்பதுமே அதன் குளிரூட்டி. குளிரூட்டி பொருத்தும் நாளில் அத்திறந்த வண்டியை மூடிய அறையாக மாற்றுகின்றோம். அந்த மாற்றத்தை எஞ்சினும் மின்சாரமும் ரேடியேற்றரும் அறியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே இருக்கும் மனிதரின் மூச்சும் அறியவேண்டும்.

முதலில் அப்பெட்டி யாதெனப் பார்ப்போம். காருக்குக் குளிரூட்டி என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவிலே பக்காட் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டுக் கார்களில் அதனை அளித்தது. குளிர்ச்சி தரும் பகுதி பின்னாசனத்துக்கும் பின்னே இருந்தது. அதனை நிறுத்துவதற்குச் சாரதி வண்டியை நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றவேண்டும்! பின்னர் 1954இல் நாஷ் நிறுவனம் சூடேற்றி, குளிரூட்டி, காற்றோட்டம் மூன்றையும் முன்புறத்திலேயே ஒரே அமைப்பாக இணைத்தது. இன்று சிறிய கார்களின் முகப்புப் பலகைக்குள் மறைந்திருக்கும் கறுத்த பிளாஸ்திக் பெட்டி அதன் வழிவந்ததே.

அப்பெட்டியுள் ஒரு காற்றாடி இருக்கின்றது. அதனைக் கராச்சுகளில் புளோவர் என்பர். அது தள்ளும் காற்று முதலிலே ஆவியாக்கி என்னும் குளிர்ந்த தகட்டடுக்கினூடு செல்லும். அதன்பின் சூடேற்றித் தகட்டடுக்கு. எஞ்சினின் சுடுநீர் அதனுள் ஓடும். இரண்டுக்கும் இடையே ஒரு கதவு ஊசலாடும். அக்கதவு எவ்வளவு திறக்கின்றதோ அவ்வளவு காற்று சூடேற்றி வழியாகச் செல்லும், எஞ்சியது செல்லாது. வேறு கதவுகள் காற்றை முகத்துக்கோ காலுக்கோ முன்கண்ணாடிக்கோ திருப்பும். வெளிக்காற்றை எடுப்பதா, உட்காற்றையே மீண்டும் சுற்றவிடுவதா என்பதை இன்னொரு கதவு முடிவுசெய்யும். இந்தக் கடைசிக் கதவைச் சற்று நினைவில் வைத்திருங்கள். அதற்கு மீண்டும் வருவோம்.

வெப்பநாட்டில் சூடேற்றி எதற்கு என்று சிலர் அதனைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். இது தவறு. நுவரெலியாவுக்கு ஒருமுறை சென்றவர் அதன் பயனை அறிவர். சமவெளியிலும் மாரிகாலத்தில் நாலுபேர் ஏறிக் கண்ணாடியை மூடினால் முன்கண்ணாடி உடனே பனிபடர்ந்துவிடும். குளிர்ந்த தகடு காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கின்றது. சூடான தகடு அக்காற்றைச் சற்று வெதுவெதுப்பாக்குகின்றது. உலர்ந்த அக்காற்றைக் கண்ணாடிமீது விட்டால் விரைவிலே பார்வை தெளியும். பழைய காரின் மெதுவான கண்ணாடித் துடைப்பானை நம்பி மழையில் ஓட்டியவருக்கு இது சிறிய நன்மையன்று. மேலும், மலையேற்றத்தில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால், குளிரூட்டியை நிறுத்திவிட்டுச் சூடேற்றியை முழுதும் திறந்துவிட, அது இரண்டாவது ரேடியேற்றராகி எஞ்சினின் வெப்பத்திற் சிறிது குறைக்கும். வியர்த்தாலும் எஞ்சின் தப்பும்.

குளிர்ச்சி எவ்வாறு பிறக்கின்றது என்பதை மண்பானை அறியும். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. காரிலே நீருக்குப் பதிலாக, மிக இலகுவிற் கொதிக்கும் வாயு ஒன்று மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகின்றது. பல ஆண்டுகளாகக் கார்களிற் பெரிதும் வழங்கும் ஆர்-134ஏ என்னும் வாயு, சாதாரண வளிமண்டல அமுக்கத்திற் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசிலேயே கொதிப்பது. ஆவியாக்கியுள் அது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் அமுக்கத்திற் கொதித்து, காரின் உட்காற்றிலுள்ள வெப்பத்தைக் குடிக்கின்றது. எஞ்சினின் பெல்ட்டினாற் சுழலும் அமுக்கி, அதாவது கொம்பிறெசர், அந்த ஆவியை 200 இறாத்தல் அளவுக்கு நெருக்குகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நாம் அறிவோம். அவ்வாறே நெருக்குண்ட ஆவியும் சுடும். அவ்வெப்பத்தை ரேடியேற்றருக்கு முன்னே நிற்கும் ஒடுக்கி வெளிக்காற்றுக்குக் கொடுக்க, ஆவி மீண்டும் திரவமாகின்றது. உலர்த்திப் போத்தலுக்கூடாக வந்து, சிறு துவாரத்தில் நுழைந்து, மறுபடியும் கொதிக்கத் தொடங்குகின்றது. ஆகவே குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டுகின்றது. கொட்டும் இடம் எஞ்சினின் மூக்குக்கு முன்னே என்பதுதான் பழைய காரின் துன்பம்.

இனி, எந்தக் காரிலிருந்து எடுப்பது? பஞ்சிகாவத்தையிலோ வேறு இடத்திலோ பெட்டியை மாத்திரம் மலிவாகத் தருவார்கள். அதை மட்டும் வாங்கி வருவது, மணமகளை அழைத்து வந்து வீட்டிலே சமையற்கட்டு இல்லை என்று சொல்வதை ஒக்கும். பெட்டி, அமுக்கி, ஒடுக்கி, அதன் மின்விசிறி, அமுக்கத்தைக் கண்காணிக்கும் ஆளி, கட்டுப்பாட்டுப் பலகை, இயலுமாயின் மின்பிறப்பாக்கியாகிய ஓல்ற்றணேற்றர், இவை யாவும் ஒரே காரிலிருந்து வருவதே நன்று. ஒன்றோடொன்று அளவொத்துப் பிறந்தவை அவை. உலர்த்தி மாத்திரம் பழையது கூடாது. திறந்து கிடந்த உலர்த்தி காற்றின் ஈரத்தைக் குடித்து ஏற்கெனவே நிறைந்துபோயிருக்கும்.

ஜப்பானியச் சிறு கார்களும் இந்தியாவிற் செய்யப்பட்ட சுசுக்கி இனத்துக் கார்களும் நமக்கு ஏற்றவை. அவையும் வலப்புறச் சுக்கான் கொண்டவை. ஆகவே காற்றாடி இடப்புறத்திலும், குளிர்த் தகடு நடுவிலும் அமையும். இவற்றுள்ளும், கதவுகளைக் கம்பியினால் இழுத்துத் திருப்பும் சற்று முந்திய மாதிரியே உகந்தது. மிகப் புதிய கார்களில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சிறு மின்மோட்டார் உண்டு. அதனை ஆள்வது ஒரு கணினி. அக்கணினி தன் காரை விட்டுப் பிரிந்தால் வாய்திறவாது. அதேபோல, கிளச் இல்லாமல் எந்நேரமும் சுழன்று, உள்ளளவை மின்னால் மாற்றிக்கொள்ளும் அமுக்கிகளையும் தவிர்க்க. கலப்பின வண்டியாகிய பிறியஸ் போன்றவற்றின் அமுக்கியோ உயர்ந்த மின்னழுத்தத்தில் ஓடுவது. 12 உவோற்று மின்கலவடுக்கு அதனை அசைக்காது. விவரம் அறியாதார் அதன் செம்மஞ்சள் வடங்களைத் தொடுவதும் ஆபத்து.

பெட்டியை வைக்கும் இடத்தைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகக் கூறிவிடுகின்றேன். பழைய முகப்புப் பலகையை வெட்டக் கூடாது. மொறிஸ் மைனரின் நடுவில் அமைந்த வட்டமான வேகமானியும் அதன் இருபுறத் தட்டுகளுமே அக்காரின் முகம். பெட்டியைப் பலகைக்குக் கீழே, பொருள் வைக்கும் தட்டின் பின்னே தொங்கவிட்டு, காற்றுவாய்களைக் கீழ்விளிம்பில் வைத்துக்கொள்ளலாம். பல பெட்டிகள் காற்றாடி வேறு, குளிர்த் தகடு வேறு, சூட்டுத் தகடு வேறாகத் திருகாணியாற் பிரிக்கத்தக்கவை. அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நெருக்கி அமைக்கலாம். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள இரும்புச் சுவரை வெட்டுவது இன்னும் தவறு. ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற்றுக்குத் தனிச் சட்டகம் உண்டு. மைனருக்கு அது இல்லை. அதன் உடலே சட்டகம். அச்சுவரைப் பலவீனப்படுத்தினால் முன்சில்லுகளின் நிலையே மாறக்கூடும். குழாய்கள் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, ஒவ்வொரு துளைக்கும் இறப்பர் வளையம் போட்டால் போதும்.

குளிர்த் தகட்டிலிருந்து வடியும் நீருக்கு வழி விடுவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நம் நாட்டின் ஈரமான காற்றில், ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் அளவு நீரும் வடியலாம். பெட்டியின் அடிவாய் சற்றே சரிந்து, குழாய் நேரே கீழ்நோக்கித் தரைத் தகட்டுக்கு வெளியே செல்லவேண்டும். இல்லையேல், அறுபது ஆண்டுகள் மழைக்குத் தப்பிய தரைத் தகடு குளிரூட்டி நீரில் இரண்டே ஆண்டில் துருப்பிடித்து ஓட்டையாகும்.

அடுத்தது மின்சாரம். அக்காலத்துப் பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றில் மின்கலவடுக்கின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கார்களில் எதிர்முனை. இவ்வேற்றுமையை அறியாமற் புதிய பெட்டியை இணைத்தால் ஒரு வியப்பைக் காணலாம். காற்றாடி சுழலும், ஓசையும் வரும், காற்று மாத்திரம் பெருமூச்சளவே வரும். காரணம், அதன் மோட்டார் நிலைக்காந்தம் கொண்டது. மின்னோட்டத்தின் திசை மாறினால் சுழலும் திசையும் மாறிவிடும். பழைய காரின் ஸ்ராட்டர் மோட்டாரோ கம்பிச்சுருளாற் காந்தமாவது. எத்திசையில் மின் பாய்ந்தாலும் ஒரே திசையிற் சுழலும். காற்றாடி திரும்பிச் சுழல்வது சிரிப்புக்கு உரியது. ஓல்ற்றணேற்றரின் உள்ளே இருக்கும் டயோட்டுகளோ அவ்வாறு இணைத்தவுடன் எரிந்துபோகும். அது சிரிப்புக்கு உரியதன்று.

அளவையும் பாருங்கள். பிற்கால மைனரின் லூக்காசு தைனமோ வேகமாக ஓடும்போது கொடுப்பது ஏறத்தாழ 22 அம்பியர். வண்டி நின்று எஞ்சின் மெல்ல ஓடும்போது அது கொடுப்பது ஒன்றுமில்லை எனலாம். புதிய பெட்டியின் காற்றாடி முழுவேகத்தில் 12 அல்லது 13 அம்பியர் கேட்கும். ஒடுக்கியின் மின்விசிறி 7 அல்லது 8, அமுக்கியின் கிளச் 3 அல்லது 4. இத்துடனேயே தைனமோவின் கை வெறுமையாகிவிட்டது. இரவாயின் முன்விளக்குகளுக்கு 8 வேண்டும். மழையாயின் துடைப்பானுக்கும் வேண்டும். ஆகவே, தைனமோவை நீக்கி, 45 அம்பியருக்குக் குறையாத ஓல்ற்றணேற்றரை வைத்து, காரை எதிர்முனை நிலத்துக்கு மாற்றுவதே வழி. மின்கலவடுக்கைத் திருப்பி வைத்தபின், மின்பொறிச் சுருளின் இரண்டு சிறு கம்பிகளையும் இடம்மாற்றவேண்டும். பழைய துணியுறைக் கம்பிகளிற் புதிய பாரத்தை ஏற்றாதீர்கள். குளிரூட்டிக்கென்று தடித்த தனிக்கம்பியும், உருகியும், றிலேயும் வேண்டும். அறுபது ஆண்டு வயதான கம்பியில் 25 அம்பியரை ஓடவிடுவது காருக்கு நெருப்பு வைப்பதே.

எஞ்சினின் வலுவை எண்ணிப் பார்ப்போம். 948 கன சென்ரிமீற்றர் மைனரின் வலு 37 குதிரைவலு. 1962இல் வந்த 1098 கன சென்ரிமீற்றருக்கு 48. ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற்றுக்கு 42. இவை புதிதாயிருந்தபோது, முழுவேகத்தில் ஈன்றவை. சிறிய அமுக்கி ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து குதிரைவலு வரை உண்ணும். ஓட்டத்தில் அது பெரிதன்று. ஓர் ஆள் கூடுதலாக ஏறியதுபோல இருக்கும். எஞ்சின் மெல்ல ஓடும்போதுதான் கிளச் பிடித்தவுடன் அது துடித்து நின்றுவிடும். காபரேற்றர் கொண்டிருந்த 1980ஆம் ஆண்டுகளின் ஜப்பானியக் கார்களில் இதற்கெனவே ஒரு சிறு கருவி இருந்தது. குளிரூட்டியைப் போட்டவுடன் அது வெற்றிடத்தின் உதவியால் காபரேற்றர் வாயைச் சிறிது திறந்துவிடும். அதனைத் தேடியெடுத்துப் பொருத்துக. மிதியை முழுதும் மிதிக்கும்போது அமுக்கியின் கிளச்சை விடுவிக்கும் ஆளி ஒன்றையும் வைத்தால், கடுகண்ணாவை ஏற்றத்தில் நாலு குதிரைகள் திரும்பக் கிடைக்கும். புதிய அமுக்கியின் கப்பி பல வரிகள் கொண்ட தட்டைப் பெல்ட்டுக்கானது. பழைய எஞ்சினில் இருப்பதோ ஆப்புவடிவப் பெல்ட். ஆகவே கப்பியை மாற்றவேண்டியும் வரும். புதிய சிற்றெஞ்சின்கள் விரைவாகச் சுழல்பவை. பழைய எஞ்சினின் மெதுவான நடைக்கேற்பக் கப்பியின் அளவைக் கணக்கிடாவிட்டால், நின்ற இடத்திற் குளிர் வராது.

ரேடியேற்றரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒடுக்கி அதன் முன்னே நின்று, காரின் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தையும் அமுக்கியின் உழைப்பால் எழுந்த வெப்பத்தையும் சேர்த்துக் கொட்டுகின்றது. அந்தச் சுடுகாற்றைக் கொண்டே எஞ்சின் நீரைக் குளிர்விக்க வேண்டும். முதன்முதல் வந்த மைனர்களில் நீரைத் தள்ளுவதற்குப் பம்பே இல்லை. சூடேறிய நீர் தானே மேலெழுந்து சுற்றியது. அத்தகைய கார்களில் இவ்வேலையைத் தொடவே கூடாது என்பது என் துணிபு. பிந்தியவற்றிலும் ரேடியேற்றரின் நடுவடுக்கைப் புதிதாகத் தடித்ததாக இடவேண்டும். விசிறியைச் சுற்றி உறையும் வேண்டும். சிலர் ஒரு குறுக்குவழி செய்கின்றனர். பழைய மூடி 4 அல்லது 7 இறாத்தல் அமுக்கத்துக்கு உரியது. அதற்குப் பதிலாக இக்காலக் காரின் 13 இறாத்தல் மூடியைப் போட்டால் நீர் விரைவிற் கொதியாது என்பர். நீர் கொதியாதிருக்கலாம், பழைய ஈயப்பற்று விட்டுவிடும். மைனரில் நீரின் வெப்பத்தைக் காட்டும் மானியும் இல்லை. குளிரூட்டி வாங்கும் பணத்திலே முதலில் அம்மானியை வாங்குங்கள்.

இப்பொழுது, நினைவில் வைக்கச் சொன்ன அந்தக் கதவுக்கு வருவோம். பழைய எஞ்சினின் புகையிலே, அது மெல்ல ஓடும்போது, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை காபனோரொட்சைட்டு இருக்கும். இக்காலக் கார்களின் புகைக்குழாயில் அதனை மாற்றும் வினையூக்கிப் பேழை உண்டு, பழையனவற்றில் இல்லை. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் செந்நிறப்பொருள் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்தோடு இதனைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின் மயக்கம், பின் உறக்கம். அவ்வுறக்கத்திலிருந்து எழாதவரும் உண்டு. பழைய காரில் நம் பாட்டன்மார் அறுபது ஆண்டுகள் தப்பியது எவ்வாறு? கண்ணாடி இறக்கியிருந்தது; காற்று ஒருபுறம் வந்து மறுபுறம் சென்றது. புகைக்குழாயின் மூட்டிற் சிறு வெடிப்பும், தரையில் துருப்பிடித்த துளையும் அப்பொழுது குற்றமாகத் தெரியவில்லை. கண்ணாடியை ஏற்றி, உட்காற்றையே சுற்றவிட்டவுடன் அச்சிறு வெடிப்பு பெருங்குற்றமாகிவிடுகின்றது.

ஆதலின், குளிரூட்டிக்கு முன்னே புகைக்குழாயைப் பாருங்கள். எஞ்சினோடு அது சேரும் இடத்துப் பட்டை, நடுமூட்டு, சைலன்சர், வால்முனை யாவும் வெடிப்பின்றி இருத்தல் வேண்டும். வால்முனை காரின் பின்விளிம்பைக் கடந்து நீளவேண்டும். ஓடும் காரின் பின்னே காற்றழுத்தம் குறைவதால், புகை திரும்பிப் பின்பெட்டி வழியாக உள்ளே புகும். மிதிகளின் துளைகள், வடங்கள் வரும் துளைகள், பின்பெட்டி மூடியின் இறப்பர் ஆகிய அனைத்தையும் அடைக்கவேண்டும். பழைய எஞ்சின்கள் தம் எண்ணெய்ப் பெட்டியின் ஆவியையும் ஒரு குழாயாற் கீழே விடுவன. அதன் வாயும் உட்புறத்துக்கு அருகில் இருத்தலாகாது.

இன்னொன்று: பழைய காரில் வெளிக்காற்று எடுப்பதற்கு வசதியான வாய் இல்லையென்று, பொருத்துபவர் பெட்டியின் அக்கதவைத் தகட்டால் அடைத்து, உட்காற்று மாத்திரம் சுற்றும்படி செய்துவிடுவதுண்டு. குளிர் விரைவில் வரும், வாடிக்கையாளரும் மகிழ்வர். இதற்கு இணங்காதீர்கள். முன்வலையின் அருகிலிருந்து, எஞ்சின் ஆவி படாத வழியாக ஒரு குழாயை இழுத்து, வெளிக்காற்றைப் பெட்டிக்குக் கொடுக்கத்தான் வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி விலைக்குக் கிடைக்கின்றது; அதனை உள்ளே மாட்டிவிடுக. நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, குளிரூட்டியைப் போட்டு, குழந்தையையோ முதியவரையோ உறங்கவிடுவது பழைய காரில் ஒருபோதும் செய்யத்தகாதது.

வாயுவைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். அது வீட்டில் செய்யும் வேலையன்று. முன்னர் வழங்கிய ஆர்-12 என்னும் வாயு ஓசோன் படையைக் கெடுப்பதை 1974இல் மொலினா, றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்ட, 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாகியது. பின்வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடாது. ஆயினும் பூமியை வெப்பமாக்குவதில் காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லது. ஆகவே சிதைந்த காரின் குழாயைத் திறந்து வாயுவைச் சீறவிடாது, பொறியினால் மீட்டெடுக்கச் செய்யுங்கள். சீறும் வாயு கண்ணில் பட்டால் கண்ணையும் உறையச் செய்யும். கழற்றிய உடனே குழாய்வாய்களை அடைத்துவிடுங்கள். உள்ளிருக்கும் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. பொருத்தியபின் நைதரசனால் கசிவு பார்த்து, அரைமணிக்குக் குறையாமல் வெற்றிடமாக்கி, அதன்பின்னரே நிறுத்த அளவாக வாயு ஏற்றவேண்டும். மலிவென்று சமையல் வாயுவை ஏற்றுவோரும் உளர் என்பர். எரியும் வாயுவை முழங்காலுக்கு முன்னே ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு செல்ல விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்தபின் சோதிக்கும் முறை இது. நண்பகலில் நாலு பேரை ஏற்றிப் பத்து மைல் ஓடிவிட்டு, புகையிரதக் கடவையில் நிற்பதுபோல எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஓடும் குளிரூட்டி எதுவும் குளிர்தரும். நிற்கும்போது தருவதே குளிரூட்டி. காற்றுவாயில் வெப்பமானியை வைத்தால் ஓட்டத்தில் 8 முதல் 12 பாகை செல்சியசு காட்டுவது நன்று. நிற்கும்போது சற்று ஏறலாம். எஞ்சின் நீரின் மானி ஏறி ஓரிடத்தில் நிலைக்கவேண்டும். அது ஏறிக்கொண்டே போனால், குறை குளிரூட்டியில் அன்று, ரேடியேற்றரில். பின்னர் வண்டியின் கீழே குனிந்து பாருங்கள். தரையில் நீர் சொட்டியிருக்கும். நிறமும் மணமும் அற்றதாயின் அது காற்றிலிருந்து பிழிந்த நீர். பச்சையாகவோ சிவப்பாகவோ, கையிலே வழுக்கி, இனிப்பு மணம் வீசுமாயின், சூடேற்றித் தகடு கசிகின்றது. பெட்டியை மீண்டும் கழற்றவேண்டும்.